விளைச்சலைப் பெருக்கியவரே விளைந்ததை அழிக்கச் சொன்னது ஏன்? ஹென்றி வாலஸின் கதை

அமெரிக்க விவசாயம்னு சொன்னதும் நம்ம கண்ணுக்கு வர்ற காட்சி ஒண்ணுதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளம், நடுவில் ஒரு ராட்சத இயந்திரம், அதற்குள் ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

இரண்டு கணக்குகளைப் பாருங்க. 1935ல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 1964ல் மிஞ்சியது சுமார் 32 லட்சம். இது முதல் கணக்கு. இரண்டாவது, விளைச்சல். 1935ல் ஒரு ஏக்கரில் சராசரியாக 24 புஷல் மக்காச்சோளம் கிடைத்தது. 1965ல் அது 74 புஷல். ஒரு புஷல் என்பது ஏறக்குறைய 25 கிலோ. அதாவது 30 வருடத்தில் விளைச்சல் மூன்று மடங்கு ஆனது, பண்ணைகள் பாதிக்கும் கீழே போயின.

விளைச்சல் கூடினால் விவசாயி நன்றாக வாழத்தானே வேண்டும்? ஏன் ஊரை விட்டுப் போனார்? இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அவர் பெயர் ஹென்றி வாலஸ். அந்த விளைச்சலைக் கொண்டுவந்த விதையை விற்றவர் அவர். அதே ஆள்தான் அமைச்சராகி, விளைந்த பயிரை உழுது அழிக்கவும் காசு கொடுத்தார். பிறகு துணை ஜனாதிபதி ஆனார். ஜனாதிபதி பதவியை மூன்று மாத இடைவெளியில் தவறவிட்டார். அவர் இறந்து 60 வருடம் ஆகிறது. ஆனா அவர் தொடங்கிவைத்த கணக்கு இன்னும் முடியவில்லை.

அழகான கதிரா, நல்ல கதிரா?

வாலஸ் பிறந்தது 1888 அக்டோபர் 7 அன்று, ஐயோவா மாநிலத்தில் ஓரியன்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணையில். தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஹென்றி என்றே பெயர். தாத்தா பாதிரியாராக இருந்து விவசாயப் பத்திரிகைக்கு வந்தவர். அப்பா ஏம்ஸ் நகரில் இருந்த ஐயோவா மாநிலக் கல்லூரியில் கற்பித்தவர். குடும்பம் நடத்திய 'வாலஸஸ் ஃபார்மர்' பத்திரிகை அந்தப் பகுதி விவசாயிகளின் வீடுகளில் வேதப் புத்தகத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது என்றே சொல்லலாம்.

ஏம்ஸில் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோன ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, படித்து மேலே வந்து, அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகி, பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனவர். பின்னாளில் நிலக்கடலை ஆராய்ச்சியால் நாடறிந்த அதே கார்வர். செடிகளைத் தேடி அவர் நடக்கும்போது சிறுவன் வாலஸையும் கூட்டிப்போவார். புல்லின் பூவைக் கூடப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது.

அந்தக் காலத்தில் மக்காச்சோளத்துக்கு அழகுப் போட்டி நடக்கும். வேடிக்கை இல்லை, நிஜமாகவே. கதிர் நீளமா இருக்கா, வரிசை நேரா இருக்கா, நுனி வரை மணி நிரம்பியிருக்கா என்று பார்த்து, பேராசிரியர்கள் பரிசு கொடுப்பார்கள். பரிசு வாங்கிய கதிரிலிருந்து எடுத்த விதைதான் நல்ல விதை என்று எல்லோரும் நம்பினார்கள். இந்தப் போட்டிகளின் நாயகர் பேரி ஹோல்டன் என்ற பேராசிரியர்.

பதினாறு வயதுகூட நிறையாத வாலஸுக்கு ஒரு சந்தேகம். ஒரு கதிர் பார்க்க எப்படி இருந்தால் பன்றிக்கு என்ன? ஹோல்டன் தரம் பிரித்த கதிர்களை வாங்கி, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி வரிசையில் விதைத்து, அறுவடையில் எடை போட்டுப் பார்த்தார். அழகுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. அழகில் முதலிடம் வாங்கியது விளைச்சலில் பின்தங்கியது. யாரும் சீண்டாத சில கதிர்கள் முந்தின. பெரிய மனிதர் சொன்னாலும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவது என்ற குணம் அவரிடம் கடைசி வரை இருந்தது. அரசியலில்தான் சில நேரம் அதை மறந்தார்.

ஹைபிரிட் விதை எப்படி வேலை செய்கிறது?

மக்காச்சோளச் செடியின் உச்சியில் கொண்டை மாதிரி இருப்பது ஆண் பூ. நடுத்தண்டில் வரும் கதிரின் முனையில் பட்டு நூல் மாதிரித் தொங்குவது பெண் பூவின் பகுதி. காற்று அடித்தால் எந்தச் செடியின் மகரந்தம் எந்தக் கதிரில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் வயலில் எல்லாச் செடியும் கலந்துகட்டித்தான் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஷல், எட்வர்ட் ஈஸ்ட் போன்ற அறிவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்கே கொடுத்து, இப்படிப் பல தலைமுறை ஓட்டினார்கள். செடி நோஞ்சானாகிக்கொண்டே போனது. ஆனா இப்படி வளர்ந்த இரண்டு வேறு வேறு நோஞ்சான் வரிசைகளைச் சேர்த்தபோது, பிறந்த செடி இரண்டையும் மிஞ்சி வளர்ந்தது. இதைத்தான் நம்ம ஊர் வேளாண் துறை வீரிய ஒட்டு என்கிறது. கடையில் கேட்டால் ஹைபிரிட்.

சிக்கல் என்னன்னா, நோஞ்சான் தாய்ச் செடியில் விதை கொஞ்சம்தான் கிடைக்கும், விலை கட்டுப்படியாகாது. கனெக்டிகட்டில் இருந்த டொனால்ட் ஜோன்ஸ் 1910களின் கடைசியில் இதற்கு வழி கண்டுபிடித்தார். இரண்டு வரிசைகளுக்குப் பதில் நான்கு வரிசைகளை இரண்டு கட்டமாகச் சேர்ப்பது. விதை அளவு கூடியது, விலை இறங்கியது.

வாலஸ் 1910ல் கல்லூரி முடித்து, குடும்பப் பத்திரிகையில் எழுதிக்கொண்டே இந்த ஆராய்ச்சிகளைப் பின்தொடர்ந்தார். அவர் உருவாக்கிய 'காப்பர் கிராஸ்' என்ற ஹைபிரிட் 1924ல் ஐயோவா விளைச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. கவனியுங்க, இது அழகுப் போட்டி இல்லை, எடைப் போட்டி. 1926ல் நண்பர்களோடும், மனைவி ஐலோவுக்குக் குடும்பத்திலிருந்து வந்த பணத்தோடும் ஒரு விதை நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் பயோனியர் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளணும். ஹைபிரிட் பயிரின் மணியை எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைத்தால் அந்த வீரியம் இருக்காது, விளைச்சல் இறங்கிவிடும். ஆகவே விவசாயி ஒவ்வொரு பருவமும் விதை வாங்கியாக வேண்டும். அதுவரை விதை என்பது வீட்டுப் பரணில் தொங்கிய பொருள். அதன் பிறகு அது கடைச் சரக்கு.

இதை விவசாயிகளிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ராஸ்வெல் கார்ஸ்ட். கூன் ராபிட்ஸ் என்ற ஊர்க்காரர், பேச்சில் மன்னன். விதையை இலவசமாகக் கொடுத்து, பாதி நிலத்தில் இதைப் போடு, பாதியில் உன் பழைய விதையைப் போடு, கூடுதலாக விளைவதில் பாதியைக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய வியாபார முறை. ஒரு அறுவடை பார்த்தவர்கள், அடுத்த முறை காசு கொடுத்து வாங்குவதே லாபம் என்று வந்து நின்றார்கள்.

1930களின் தொடக்கத்தில் ஐயோவாவில் நூறு ஏக்கருக்கு ஒரு ஏக்கர்கூட ஹைபிரிட் இல்லை. 1934, 1936 வறட்சிகளில் பழைய ரகங்கள் சாய்ந்தபோது இது ஓரளவு தாக்குப்பிடித்தது. 1940களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட மாநிலம் முழுக்க அதுதான்.

நிறைய விளைந்தால் ஏன் நஷ்டம்?

விதையில் இவ்வளவு ஜெயித்த வாலஸுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அது விலை. 1920லேயே விவசாய விலைகள் பற்றிப் புள்ளிவிவரங்களோடு ஒரு புத்தகம் எழுதியவர் அவர்.

அவர் கண்ணால் பார்த்தது இது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்கு உணவு தேவைப்பட்டது. அரசாங்கமே இன்னும் விதை, இன்னும் விதை என்றது. விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1919ல் ஒரு புஷல் மக்காச்சோளம் ஒன்றரை டாலர். போர் முடிந்தது, ஐரோப்பா தானே விதைக்கத் தொடங்கியது, 1920ல் விலை சரிந்தது. 1932 கடைசியில் ஐயோவாவில் புஷலுக்கு 10, 12 சென்ட் கிடைப்பதே பெரிய விஷயம். அதாவது ஒரு டாலரில் எட்டில் ஒரு பங்கு. நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தை அடுப்பில் போடுவது மலிவு என்று எரித்த வீடுகள் உண்டு. கடன் மட்டும் குறையவே இல்லை.

தொழிற்சாலைக்காரர் விலை இறங்கினால் உற்பத்தியைக் குறைப்பார். விவசாயி என்ன செய்வார்? விலை பாதியானால், அதே கடனைக் கட்ட இரண்டு மடங்கு விளைவிக்கப் பார்ப்பார். பக்கத்து நிலத்துக்காரரும் அதையே செய்வார். எல்லோரும் செய்தால் விலை இன்னும் இறங்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் செய்ததும் சரி, சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் நஷ்டம். வாலஸ் வாழ்க்கை முழுக்க மோதிய சுவர் இதுதான்.

1933ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானதும் வாலஸை வேளாண் அமைச்சராக்கினார். அவருடைய அப்பா 1921 முதல் 1924ல் இறக்கும் வரை அமர்ந்திருந்த அதே நாற்காலி. அந்த வருடம் மே மாதம் வேளாண் சீரமைப்புச் சட்டம் வந்தது. குறைவாகப் பயிரிடு, அதற்கு அரசு பணம் தரும் என்பதுதான் அதன் சாரம்.

ஆனா சட்டம் வந்தபோது பருத்தி ஏற்கெனவே முளைத்துவிட்டது. பன்றிகள் குட்டி போட்டுவிட்டன. என்ன செய்வது? சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். ஓரளவு இறைச்சி நிவாரணமாக ஏழைகளுக்குப் போனது, மிச்சம் உரமானது, வீணானது. நகரங்களில் ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில் நடந்த வேலை இது. நாடே கொதித்தது. வாலஸும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவசரத்துக்கு ஒருமுறை செய்தது என்றே வாதாடினார். விலை ஏறியது உண்மை. அதில் வறட்சியின் பங்கும் உண்டு.

பணம் யாருக்குப் போனது?

இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிலத்தைச் சும்மா போட்டதற்கான பணம் நில உரிமையாளர் கைக்குப் போனது. தெற்கு மாநிலங்களில் பருத்தி நிலங்களை உழுதவர்களோ வாரக்குடிகள், அதாவது விளைச்சலில் பங்குக்கு உழுதவர்கள். கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும். பயிரிடும் நிலம் குறைந்தால் ஆள் எதற்கு? உரிமையாளர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். சிலர் அரசு கொடுத்த பணத்திலேயே டிராக்டரும் வாங்கினார்கள்.

1934ல் ஆர்கன்சாவில் வாரக்குடிகள் இரு இனத்தவரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாலஸின் துறையில் இருந்த இளம் வழக்கறிஞர்கள் சிலர், குடிகளை வெளியேற்றக் கூடாது என்று விதிக்கு விளக்கம் எழுதினார்கள். தெற்கு மாநில அரசியல்வாதிகள் சீறினார்கள். 1935 பிப்ரவரியில் அந்த வழக்கறிஞர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒப்புதல் கொடுத்தவர் வாலஸ்தான். தெற்கின் ஓட்டு இல்லாமல் திட்டமே நிற்காது என்பது அவர் கணக்கு. பிறகு தெற்கே நேரில் போய் அந்த வறுமையைப் பார்த்தார். குத்தகைதாரர்கள் நிலம் வாங்கக் கடன் தரும் சட்டம் 1937ல் வந்தது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு அது காலம் கடந்த உதவி.

அவர் பெயர் நிலைத்த நல்ல யோசனை ஒன்றும் உண்டு. விளைச்சல் அதிகமான வருடம் அரசு தானியத்தை அடமானமாக எடுத்து சேமிப்பில் வைப்பது, பஞ்சம் வந்தால் வெளியே விடுவது. விவசாயிக்கு விலை விழாது, நகரத்தில் விலை எகிறாது. பழைய சீன அரசுகளின் களஞ்சிய முறையைப் பற்றி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு சீன அறிஞர் எழுதிய ஆய்விலிருந்து வாலஸ் எடுத்துக்கொண்ட யோசனை இது. 1936ல் உச்ச நீதிமன்றம் முதல் சட்டத்தை ரத்து செய்தபிறகு, 1938 சட்டத்தில் இது இடம்பெற்றது. 1939ல் உபரி உணவை ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுக் கூப்பன் திட்டமும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. அடுத்து வந்த உலகப் போரில் அந்தக் களஞ்சியம் நாட்டுக்குக் கைகொடுத்தது.

மெக்சிகோவுக்கு ஒரு கார் பயணம்

1940 நவம்பரில் வாலஸ் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்கும் முன்பே, மெக்சிகோவின் புதிய ஜனாதிபதி பதவியேற்புக்குத் தன் காரிலேயே மனைவியோடு போனார். வழியில் நிறுத்தி நிறுத்தி மக்காச்சோள வயல்களைப் பார்த்தார். அந்தப் பயிர் பிறந்த மண்ணிலேயே, நாளெல்லாம் பாடுபட்டும் ஐயோவாவில் கிடைப்பதில் சிறு பங்குதான் விளைந்தது.

திரும்பி வந்து ராக்பெல்லர் அறக்கட்டளைத் தலைவரிடம் பேசினார். மெக்சிகோவில் பயிர் ஆராய்ச்சி தொடங்கலாம் என்ற யோசனை அங்கிருந்து வேகம் பிடித்தது. 1943ல் திட்டம் தொடங்கியது. 1944ல் அதில் வேலைக்குச் சேர்ந்த இளம் விஞ்ஞானி ஒருவர் பெயர் நார்மன் போர்லாக்.

இந்தியாவுக்கு இங்கேதான் ஒரு நேரடித் தொடர்பு வருகிறது. போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை 1960களில் இந்தியாவுக்கு வந்தது. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தபோது, 1966ல் 18,000 டன் கோதுமை விதை மெக்சிகோவிலிருந்து இறக்குமதியானது. அந்தப் பசுமைப் புரட்சியின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று வாலஸின் கார் பயணம்.

மூன்று மாதத்தில் நழுவிய நாற்காலி

1944 தேர்தலுக்கு முன் கட்சியின் பெரிய தலைகள் வாலஸை வேண்டாம் என்றார்கள். இன சமத்துவம் பேசுகிறார், தொழிற்சங்கம் பேசுகிறார், போதாக்குறைக்கு ஆன்மிகக் கிறுக்கு என்பது அவர்கள் புகார். அந்தக் கடைசிப் புகாருக்குக் காரணம் இருந்தது. பின்னாளில் நம்ம இமயமலைக் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து மறைந்த ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கைக் குருவாக நினைத்து அவர் எழுதிய கடிதங்கள் எதிராளிகள் கைக்குப் போயிருந்தன. வறட்சி தாங்கும் புல் தேட ரோரிக்கை 1934ல் அரசு செலவில் ஆசியாவுக்கு அனுப்பியதும் சர்ச்சையானது.

சிகாகோ மாநாட்டில் வாலஸுக்குப் பதில் ஹாரி ட்ரூமன் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். 1945 ஜனவரியில் ட்ரூமன் பதவியேற்றார். ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வர்த்தக அமைச்சராக இருந்த வாலஸ், சோவியத்தோடு மோதல் வேண்டாம் என்று பேசியதால் 1946 செப்டம்பரில் ட்ரூமனால் நீக்கப்பட்டார். 1948ல் தனிக் கட்சி கண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்றார். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக உட்காரும் கூட்டத்தில் பேச மாட்டேன் என்று தெற்கே போய் நின்றவர் மீது முட்டையும் தக்காளியும் பறந்தன. அவர் கட்சியில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு பற்றிய கேள்விகளுக்கு அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கிடைத்தது சுமார் 11.5 லட்சம் ஓட்டு, 2.4 சதவீதம்.

இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. 1944ல் சைபீரியா போனபோது, மகதான் பகுதியின் கைதி முகாம்களை மறைத்து அவருக்கு ஜோடித்த காட்சிகளைக் காட்டினார்கள். அவர் நம்பிவிட்டார். சிறுவயதில் கதிரை எடை போட்டவர் இங்கே எடை போடவில்லை. 1952ல் சோவியத் விஷயத்தில் தான் தவறாகக் கணித்ததாக வெளிப்படையாக எழுதினார்.

போருக்குப் பிறகு வயலில் நடந்தது என்ன?

அமெரிக்க விவசாயம் தலைகீழாக மாறிய காலத்தில், வாலஸ் அதிகாரத்தில் இல்லை. ஆனா வயல் முழுக்க அவர் விதை இருந்தது. அதன் மேல் மூன்று விஷயங்கள் வந்து சேர்ந்தன.

முதலாவது உரம். போருக்கு வெடிமருந்து செய்யக் கட்டிய அம்மோனியா ஆலைகள், போர் முடிந்ததும் தழைச்சத்து உரம் செய்யத் திரும்பின. அதற்கு முன் ஒரு வருடம் மக்காச்சோளம் போட்டால், மண் தேற அடுத்து தீவனப் பயறு வகைகளை மாற்றிப் போட வேண்டும். மூட்டையில் சத்து வந்ததும், வருடா வருடம் மக்காச்சோளமே போடலாம் என்றானது. இதை ஊர் ஊராகச் சொன்னவரும் அதே கார்ஸ்ட்தான். ஹைபிரிட் செடி உரத்தைத் தின்று, சாயாமல் நின்றது.

இரண்டாவது இயந்திரம். எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நேரத்தில் முதிர்ச்சி என்றால் இயந்திரத்துக்குச் சுலபம். 1954ல் அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை முதல்முறையாக குதிரை, கோவேறு கழுதைகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. குதிரைக்குத் தீவனம் விளைந்த நிலமும் இப்போது சந்தைக்கு விளைவிக்கத் தொடங்கியது. உபரி இன்னும் கூடியது. தெற்கே பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்தபோது, 1930களில் தப்பித்த வாரக்குடிகளும் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கு நகரங்களுக்கு ரயிலேறினார்கள்.

மூன்றாவது பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். களையெடுக்கும் கைகளும் தேவைப்படவில்லை.

கோழியும் இதே பாதையில் போனது. வாலஸும் அவர் மகனும் மக்காச்சோளத்தில் செய்ததையே கோழியில் செய்து பார்த்தார்கள். 1936ல் தொடங்கிய அந்தக் கோழிப் பிரிவு ஹை-லைன் என்ற பெயரில் இன்றும் உலகின் பெரிய முட்டைக்கோழி இன நிறுவனங்களில் ஒன்று.

ஒரு விவசாயியின் பார்வையில் இதை யோசிங்க. விதை, உரம், மருந்து, டிராக்டர், டீசல் எல்லாம் காசு கொடுத்து வாங்கணும். முதலில் வாங்கியவருக்கு லாபம். எல்லோரும் வாங்கியதும் விளைச்சல் கூடி விலை இறங்கும். அப்போது வாங்காதவர் நிற்க முடியாது, வாங்கியவர் கடனைக் கட்ட இன்னும் நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்? தோற்றுப்போன பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து. 1940ல் பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 3 கோடி. 1970ல் 1 கோடிக்கும் கீழே. ஊரில் ஆள் குறைந்ததும் பள்ளி மூடியது, கடை மூடியது, தேவாலயம் மூடியது.

விலை ஆதரவுத் திட்டம் வாலஸ் போட்ட அடித்தளத்தில்தான் தொடர்ந்தது. ஆனா அது ஒரு புஷலுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்டது. நிறையப் புஷல் வைத்திருப்பவருக்கு நிறையப் பணம். அரசின் சேமிப்பு வழிந்தது. ஹட்சன் நதியில் நிறுத்திவைத்திருந்த போர்க்காலக் கப்பல்களில்கூட கோதுமையைக் கொட்டி வைத்தார்கள். உபரியை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1954ல் வந்த சட்டம்தான் பிஎல் 480. அதில் அதிகம் பெற்ற நாடு இந்தியா. 1950, 60களில் நம் நியாயவிலைக் கடைகளுக்கு அமெரிக்கக் கோதுமை வந்தது இப்படித்தான். அங்கே விலை விழாமல் இருக்க, இங்கே அனுப்பப்பட்டது.

ஸ்ட்ராபெரி வளர்த்த முன்னாள் துணை ஜனாதிபதி

1940களின் நடுவில் வாலஸ் நியூயார்க் மாநிலம் சவுத் சேலத்தில் ஒரு பண்ணை வாங்கியிருந்தார். அரசியல் முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். மக்காச்சோளம், கோழி, ஸ்ட்ராபெரி, கிளாடியோலஸ் பூ என்று எதையாவது கலந்து புது ரகம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

1959 செப்டம்பர் 23 அன்று சோவியத் தலைவர் குருசேவ் ஐயோவா வந்து, கார்ஸ்ட்டின் பண்ணையைச் சுற்றிப் பார்த்தார். பனிப்போரின் உச்சத்தில், ஹைபிரிட் மக்காச்சோளத்தைப் பார்க்க. சோவியத்தோடு பேசலாம் என்று சொன்னதற்காகப் பதவி இழந்தவர் வாலஸ். அவர் நண்பர் அவருடைய விதையை வைத்தே அந்தப் பேச்சை நடத்திக் காட்டினார்.

1964ல் வாலஸுக்கு நரம்புகளைத் தாக்கும் ஏஎல்எஸ் நோய் இருப்பது தெரிந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படட்டும் என்று தன் உடம்பில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைத்தார். 1965 நவம்பர் 18 அன்று 77 வயதில் இறந்தார்.

அதன் பிறகு?

1970ல் அமெரிக்க மக்காச்சோளத்தை ஓர் இலைக்கருகல் நோய் தாக்கி, சுமார் 15 சதவீத விளைச்சல் போனது. காரணம், ஆண் பூவைக் கையால் கிள்ளும் கூலியை மிச்சம் பிடிக்க, பெரும்பாலான விதை நிறுவனங்கள் ஒரே வகைத் தாய்ச் செடியைப் பயன்படுத்தியிருந்தன. ஒன்றைத் தாக்கத் தெரிந்த பூஞ்சை எல்லாவற்றையும் தாக்கியது. 1999ல் பயோனியர் முழுமையாக டூபான்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு பத்திரிகை ஆசிரியர் நண்பர்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய நிறுவனத்தில் மிச்சமிருந்த 80 சதவீதப் பங்குக்கு மட்டும் விலை 770 கோடி டாலர்.

அப்போ வாலஸ் செய்தது சரியா, தவறா? பசி என்ற ஒரு கேள்விக்கு அவர் விதை பதில் சொன்னது. அதை மறுக்க முடியாது. ஆனா விளைச்சலின் பலன் யாருக்குப் போகும் என்பது விதை தீர்மானிக்கும் விஷயம் இல்லை. அதைச் சட்டம்தான் தீர்மானிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் களஞ்சியம், கூப்பன், குத்தகைதாரர் கடன் என்று ஒவ்வொன்றாக முயன்றார். வாரக்குடிகள் விஷயத்தில் அதிகாரம் கையில் இருந்தபோது பின்வாங்கினார். பிறகு துணிச்சல் வந்தபோது அதிகாரம் இல்லை.

இன்று பெரம்பலூரில் மக்காச்சோளம் போடுகிறவரும் பருவத்துக்குப் பருவம் ஹைபிரிட் விதைப் பை வாங்குகிறார். அறுவடை நேரத்தில் எல்லோர் களத்திலும் ஒரே சமயத்தில் மணி குவியும்போது விலை என்னாகும் என்ற கவலை அவருக்கும் உண்டு. அமெரிக்காவில் இப்போது ஏக்கருக்குச் சராசரி விளைச்சல் 170 புஷலைத் தாண்டிவிட்டது. 2022 கணக்கெடுப்பில் அங்கே மிஞ்சியிருந்த பண்ணைகள் 19 லட்சம்.